லிஸ்பனில் முதல் நாள்: லிஃப்டில் ஏறி, காலால் இறங்குங்கள்

திருச்சிக்காரன், 2024 மார்ச் 9
ஏப்ரல் கடைசி வாரம் நானும் மனைவியும் லிஸ்பன் போகிறோம். காலை பத்து மணிக்கு விமானம் இறங்கிவிடும். அன்றைக்கே கோட்டை, 28-ஆம் எண் டிராம், பெலேம் மூன்றையும் முடித்துவிடலாம் என்று திட்டம். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் நடக்கப் பிடிக்கும். போய்வந்தவர்கள் யாராவது சரியா என்று சொல்லுங்கள்.

2024 மார்ச் 9, இரவு
சரியில்லை தம்பி. வரைபடத்தில் மேடு தெரியாது, அதுதான் சிக்கல். ரொஸியு சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கோட்டை தலைக்கு மேலேயே இருக்கும். போனும் "கொஞ்ச நேரம்தான்" என்று காட்டும். கோட்டை இருப்பது ஆற்று மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்தில். முந்தின ராத்திரி விமானத்தில் உட்கார்ந்தபடி தூங்கிய காலை வைத்துக்கொண்டு அதை ஏறுவது வேறு கதை.

பெலேமை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுங்கள். அது ஆற்றோரமாக மேற்கே சுமார் 6 கிலோமீட்டர். முதல் நாளுக்கு ஒரே விதி போதும்: ஏறுவதை எந்திரத்திடம் விடுங்கள், இறங்குவதை மட்டும் காலிடம் விடுங்கள். எங்கள் வீட்டில் முதல் நாள் சண்டை வந்தது எந்த இடத்துக்குப் போவது என்பதில் இல்லை. இன்னும் எத்தனை படி என்பதில்தான். என் வீட்டுக்காரர் "இதோ வந்துவிட்டது" என்று சொல்லிச் சொல்லியே ஒரு குன்று ஏற்றிவிட்டார்.

2024 மார்ச் 10
எந்த எந்திரம் என்று கேட்டிருக்கிறார்கள். காசு கேட்காத லிஃப்ட் இருக்கிறது. ஊர் நடுவில் பைஷா என்கிற சமதளப் பகுதி. அதில் ருவா துஷ் ஃபன்கெய்ருஷ் என்று ஒரு தெரு, பழைய துணி வியாபாரிகள் தெரு. அந்த வரிசையில் ஒரு சாதாரணக் கட்டடத்துக்குள் நகராட்சி லிஃப்ட் வைத்திருக்கிறது. வாசலைப் பார்த்தால் யாரோ வீட்டுக்குள் நுழைகிற மாதிரிதான் இருக்கும், தயங்காமல் போங்கள். மேலே மதலேனா தெருவில் விடும். அங்கிருந்து சின்னச் சதுக்கம் ஒன்றைத் தாண்டினால் பழைய சந்தைக் கட்டடம் வரும், ஷவுன் து லொவுரெய்ரு என்று பெயர். கீழே சூப்பர் மார்க்கெட், மேலே கார் நிறுத்துமிடம். அதற்குள் இரண்டாவது லிஃப்ட். மொட்டை மாடித் தளத்தில் இறங்கி வெளியே வந்தால் கோட்டைக்குப் போகும் தெருவில் நிற்பீர்கள். மிச்சம் இருப்பது கொஞ்சம் ஏற்றம், அவ்வளவுதான்.

அந்த சூப்பர் மார்க்கெட்டிலேயே தண்ணீர், ஆரஞ்சு, ரொட்டி வாங்கிவிடுங்கள். கோட்டை வாசலில் விலை வேறு.

2024 மார்ச் 10, மாலை
லிஃப்ட் சில நாள் பழுதாகிக் கிடக்கும். அப்படியானால் அடம் பிடிக்காமல் திரும்பிவிடுங்கள். எதிர்ப்பக்கக் குன்றுக்கு வேறு வழி இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

2024 மார்ச் 12
28-ஆம் எண் டிராம் பற்றி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், லிஸ்பன் போய் அதில் ஏறாமல் வருவதா என்று. ஏறுங்கள், யார் வேண்டாம் என்றது? முதல் நாள் பகல் பதினொரு மணிக்கு மார்திம் முனிஸ் நிறுத்தத்தில் போய் வரிசையில் நிற்காதீர்கள், அதைத்தான் சொல்கிறேன். வரிசை நத்தையாய் நகரும், உள்ளே நிற்க இடம் இருக்காது, பிக்பாக்கெட்காரர்களுக்கு அதுதான் அலுவலகம். இன்னொரு நாள் விடிகாலையில், மறுகோடியில் பிரஸேரிஷ் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரிலிருந்து ஏறினால் ஜன்னல் ஓரம் கிடைக்கும். மரச் சட்டமும் பித்தளைக் கைப்பிடியும் கொண்ட 1930களின் வண்டி. சில சந்துகளில் வீட்டுச் சுவரைக் கையால் தொடலாம் என்று தோன்றும். தொட வேண்டாம்.

2024 மார்ச் 13
திருச்சிக்காரன் தனியாகக் கேட்டது எல்லோருக்கும் பயன்படும். விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது, சிவப்புத் தடம். அலமேடாவில் இறங்கி பச்சைத் தடம் மாறினால் நேரே ரொஸியு. ஒரு அட்டையை வாங்கி இரண்டு பேரும் மாறி மாறித் தட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். அட்டை விலை அரை யூரோதான், அதற்குப் போய்க் கணக்குப் பார்த்து வாசலில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

2024 மார்ச் 16
இன்றைக்கு நேரம் இருக்கிறது, பைஷாவைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். எல்லோரும் அதைக் கடைத்தெரு என்று ஒதுக்கிவிட்டு மேட்டுக்கு ஓடுகிறார்கள். எனக்கு முதல் நாளைக்கு உகந்த இடம் அதுதான்.

1755 நவம்பர் 1, எல்லாப் புனிதர்கள் திருநாள். காலையில் ஊரே தேவாலயங்களில் கூடியிருந்தது, எங்கும் மெழுகுவத்தி. அப்போது நிலம் ஆடியது. தப்பித்து ஆற்றங்கரை வெளிக்கு ஓடியவர்களைச் சுனாமி பிடித்தது. கவிழ்ந்த மெழுகுவத்தியும் அடுப்பும் சேர்ந்து வைத்த தீ நாள்கணக்கில் எரிந்தது. அரசர் முதலாம் ஜோசே பிழைத்தார். அதற்குப் பிறகு கல் கூரைக்குக் கீழே படுக்கப் பயந்து, அஜுடா குன்றில் மரத்தில் கட்டிய அரண்மனையில்தான் காலம் தள்ளினார். ஊரைத் திரும்பக் கட்டியது அவருடைய அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர்.

இப்போது நீங்கள் நடக்கிற நேர்கோட்டுத் தெருக்கள் எல்லாம் அவர் காலத்துக் கோடுகள். கட்டடங்கள் ஒரே உயரம், ஒரே மாதிரி ஜன்னல் வரிசை. தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு, சேணம் செய்பவர் தெரு என்று தொழில்வாரியாகப் பெயர். ஆனால் முக்கியமான சங்கதி சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாகவும் மூலைவிட்டமாகவும் மரச்சட்டம் பூட்டி ஒரு கூண்டு செய்து, அதைச் சுற்றி காரையும் கல்லும் நிரப்பினார்கள். நிலம் ஆடினால் காரை உதிரும், கூண்டு நிற்கும் என்பது கணக்கு. மாதிரி ஒன்றைச் செய்து வைத்து, சிப்பாய்களைச் சுற்றி அணிவகுத்து மிதிக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். என் வீட்டுக்காரர் கட்டடப் பொறியாளர். இதைக் கேட்டதிலிருந்து தெருவில் போகிற ஒவ்வொரு சுவரையும் விரல் கணுவால் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரு கடைக்கார அம்மா வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். நான் நாலு கடை தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

சேணக்காரர் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அடியில் ரோமானியர் மீன் உப்பிட்ட தொட்டிகள் இருக்கின்றன. வழிகாட்டியோடு இலவசமாக இறங்கிப் பார்க்கலாம், முன்பதிவு செய்துகொண்டால் நல்லது. நிலநடுக்கத்துக்குப் பிறகு அடித்த பைன் மர முளைகளும் அங்கே தெரியும். அந்த மண் ஈரமாகவே இருந்தால்தான் மரம் மக்காது. அதைக் கேட்டபின் இவர் கீழே பார்த்தும் தட்டத் தொடங்கினார்.

அப்படியே தெற்கே நடந்தால் வளைவு வாசல், அதைத் தாண்டினால் மூன்று பக்கம் மஞ்சள் கட்டடமும் நாலாவது பக்கம் தேஜு ஆறுமாக ஒரு பெரிய வெளி. பள்ளிப் புத்தகத்தில் டேகஸ் என்று படித்தோமே, அதே ஆறு. படியில் உட்கார்ந்து காலை நீட்டுங்கள். முதல் நாளில் வேறு ஒன்றும் செய்யாவிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

2024 மார்ச் 17
"இறங்குவதுதான் முட்டிக்கு மோசம்" என்று ஒரு மருத்துவர் வந்து எழுதியிருக்கிறார். உண்மைதான், நான் அன்றைக்கு எழுதிய விதி முப்பது வயதுக்காரர்களை நினைத்து எழுதியது. முட்டி வலி உள்ளவர்களுக்கு, கோட்டைக்குக் கீழே சரிவில் இருக்கும் பழைய பகுதியான அல்ஃபாமா வழியாக இறங்கும் படிக்கட்டுகள் ஏறுவதைவிடக் கொடுமை. நடைபாதைக் கல்லும் சேர்ந்துகொள்கிறது. தீப்பெட்டி அளவு சுண்ணாம்புக் கற்களைக் கையால் பதித்த தரை, நடுநடுவே கறுப்புக் கல்லில் கோலம். ஒரு நூற்றாண்டாகக் கால் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டது. அதைப் பதிக்கிற கொத்தனார்களுக்கென்றே நகராட்சி 1986-இல் ஒரு பள்ளி தொடங்கியிருக்கிறது. ரொஸியுவில் அலை அலையாகப் பதித்திருப்பார்கள், சமதளம்தான் என்றாலும் அசதியில் பார்த்தால் தரை நிஜமாகவே ஆடும்.

ஆக, முட்டிக்காரர்களுக்கான முதல் நாள்: ரொஸியுவிலிருந்து ஆற்றங்கரை, அங்கிருந்து வலப்புறம் கரையோரமாக காய்ஷ் து சொத்ரே வரை. முழுக்கச் சமதளம். வழியெல்லாம் உட்கார இடம். தூரத்தில் செந்நிறப் பாலம் தெரியும். 1966-இல் சர்வாதிகாரி சலஸார் பெயரில் திறந்தது, சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு ஏப்ரல் 25 பாலம் ஆனது.

2024 மார்ச் 17, இன்னும் கொஞ்சம்
செருப்பு பற்றிக் கேட்டவருக்கு: ரப்பர் அடிப்பாகம், நல்ல பிடிப்பு. புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

2024 மார்ச் 21
எதிர்க்குன்று, சொன்னபடி. ஷியாடு என்று பெயர். சான்தா ஜுஸ்தா என்கிற இரும்பு லிஃப்ட் கோபுரம் படத்தில் பார்த்திருப்பீர்கள், 1902-இல் திறந்தது, 45 மீட்டர். அழகுதான். ஆனால் கீழே ஒரு மணி நேரம்கூட நிற்க வைத்துவிடும், காசும் அதிகம். பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்துக்குள் நுழைந்தால் நகரும் படிக்கட்டுகளே கீழிருந்து மேலே கொண்டுபோய் விட்டுவிடும். இல்லாவிட்டால் ருவா து க்ருஸிஃபிஷு பக்கமாக ஷியாடு வணிக வளாகத்துக்குள் நுழைந்து, லிஃப்டில் ஏறி மறுபக்கம் வெளியே வாருங்கள். ஒரு குன்றைக் கடைக்குள்ளேயே ஏறி முடித்திருப்பீர்கள். அந்த வட்டாரம் 1988 ஆகஸ்டில் எரிந்து போனது. அல்வாரு சிஸா என்ற கட்டடக் கலைஞர் தெருமுகங்களைப் பழையபடியே நிறுத்தி மீட்டார்.

அங்கிருந்து கார்மு மடம் ஐந்து நிமிடம். 1755-இல் கூரை விழுந்தது, பிறகு போடவே இல்லை. கல் வளைவுகள் மட்டும் நிற்கின்றன, நடுவில் புல். உள்ளே சின்ன அருங்காட்சியகம், அதில் பெரு நாட்டு மம்மிகள் இரண்டு கண்ணாடிப் பெட்டியில் குந்தியிருக்கும். மடத்துக்குப் பின்பக்கம் திறந்த மாடம் ஒன்று உண்டு. அந்த இரும்புக் கோபுரத்தின் தலையை அங்கிருந்து வரிசையில் நிற்காமலே பார்க்கலாம்.

2024 மார்ச் 22
சாப்பாடு. மனைவி சைவம், முட்டை பரவாயில்லை என்கிறார் தம்பி. அப்படியானால் பிழைத்துக்கொள்வீர்கள், ஏனென்றால் நாதா என்கிற அந்த முட்டைப் பால் பணியாரம்தான் பாதி நேரம் சோறு போடும். கல்து வெர்து என்று பச்சைக் கீரை சூப் வரும், பார்க்கச் சைவமாக இருக்கும், அடியில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் மேஜையில் நீங்கள் கேட்காமலே வந்து உட்காரும் தட்டு. எங்களுக்கு வந்தது: கூடையில் நாலு ரொட்டி, ஒரு கிண்ணம் ஆலிவ், குட்டி டப்பாவில் மத்தி மீன் பசை, காகிதம் சுற்றிய வெண்ணெய், கட்டைவிரல் அளவு ஆட்டுப்பால் சீஸ். நம் ஊரில் ஊறுகாயும் அப்பளமும் வைக்கிற மாதிரி என்று இவர் சீஸைப் பிரித்தார். அது பில்லில் தனி வரியாக வந்தது. ரொட்டி தனி வரி. ஏமாற்று இல்லை, அந்த ஊர் வழக்கம் அது. தொடாததற்குக் காசு வாங்க மாட்டார்கள். வேண்டாமென்றால் உடனே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுங்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை.

காபி: பெயர் தெரியாமல் கேட்டால் இரண்டு மடக்குக் கசப்பு வரும். பாலோடு வேண்டுமென்றால் கலாவுன் என்று கேளுங்கள், கண்ணாடித் தம்ளரில் வரும். நம் டிகிரி காபியோடு ஒப்பிட்டு அழாதீர்கள். நின்றபடி குடித்தால் பெரும்பாலும் விலை குறைவு.

2024 மார்ச் 23
பைஷாவில் ஒருவர் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தால் பயப்படாதீர்கள். கையில் குளிர்கண்ணாடி இருக்கும், வாய் வேறு சரக்கு சொல்லும். இவர் கண்ணாடிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார், அந்த ஆள் குழம்பிப்போனார். அவர்கள் விற்பது பெரும்பாலும் போதைப்பொருளே இல்லையாம், அமுக்கிக் கட்டியாக்கிய இலை. எந்த இலை தெரியுமா? நாம் பிரியாணியில் போடுகிற பிரிஞ்சி இலைக்குச் சொந்தக்கார இலை. அதனால் போலீசுக்கும் பிடித்து வைக்கச் சட்டம் தோதாக இல்லை என்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருங்கள்.

2024 மார்ச் 30
மார்திம் முனிஸ் பக்கம் அறை எடுக்கலாமா என்ற கேள்விக்கு: எடுக்கலாம். பெரும்பாலும் வங்கதேசத்தவர், நேபாளத்தவர் கடைகள். பென்ஃபொர்மோசு தெருவில் நடந்தால் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் கிடைக்கும். மனைவிக்குச் சோறு கிடைக்காத நாளில் அங்கே போங்கள்.

அதற்குப் பக்கத்தில்தான் சாவுன் தொமிங்குஷ் தேவாலயம். 1959-இல் தீப்பிடித்தது. 1994-இல் திறந்தபோது வெந்து வெடித்த தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். வெளியே சதுக்கத்தில் 1506-இல் யூதர்களைக் கொன்று குவித்ததற்கு நினைவுக்கல். அதிலிருந்து நாலு எட்டில் ஜின்ஜா என்கிற புளிப்புச் செர்ரி மது விற்கும் பொட்டிக்கடை, ஆளாளுக்குக் கையில் குட்டித் தம்ளர். முதல் தடவை பார்த்தபோது எனக்கு என்னவோ போல இருந்தது. இரண்டாம் தடவை அப்படித் தோன்றவில்லை. சாவு நடந்த இடத்தில் சந்தை கூடாது என்றால் அந்த ஊரில் எங்கேயும் கடை போட முடியாது.

2024 ஏப்ரல் 2
தமிழ்த் தொடர்பு ஏதாவது உண்டா என்று ஒருவர். உண்டு. 1554-இல் தமிழும் போர்த்துக்கீசியமுமாக ஒரு கிறிஸ்தவ வேதபாட நூலை லிஸ்பனில்தான் அச்சடித்தார்கள், தமிழை ரோமன் எழுத்தில் போட்டு. ஆனால் முதல் நாளில் அதைத் தேடிப் புறப்படாதீர்கள். மனைவியிடம் திட்டு வாங்குவீர்கள்.

2024 ஏப்ரல் 5
தம்பி, நீங்கள் இறங்கும் தேதி ஏப்ரல் 25 என்று இப்போதுதானே சொல்கிறீர்கள்! திட்டத்தை மாற்றுங்கள். 1974-இல் 48 ஆண்டுச் சர்வாதிகாரம் கவிழ்ந்த நாள் அது, இந்த வருடம் சரியாக 50 ஆண்டு. அரசு விடுமுறை. பிற்பகலில் அவெனிதா த லிபெர்தாத் என்கிற பெரிய சாலையில் ஊரே ஊர்வலம் வரும், கையில் அந்தப் புரட்சியின் அடையாளமான சிவப்புக் கார்னேஷன் பூ. அன்றைக்குக் கோட்டையும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம். பெட்டியை வைத்துவிட்டு, குளித்து, அவெனிதாவுக்குப் போங்கள். பிறகு கார்மு சதுக்கம். பிரதமர் கயெதானு அங்கே இருந்த படைத் தலைமையகத்துக்குள்தான் ஒளிந்திருந்தார். கேப்டன் சல்கெய்ரு மாயா கவச வண்டிகளோடு வெளியே நின்றார், மக்கள் மரத்தில் ஏறி வேடிக்கை பார்த்தார்கள், சாயங்காலத்துக்குள் பிரதமர் பதவியை ஒப்படைத்துவிட்டார். நீங்கள் போகிற சமயம் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. இருந்தாலும் போங்கள்.

தூக்கம் வரும். அங்கே இரவு எட்டு மணி என்றால் நம் ஊரில் பன்னிரண்டரை, ஆனால் வெளிச்சம் இன்னும் இருக்கும். உடம்பு குழம்பும். எட்டரைக்கு மேல் யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம், முக்கியமாகச் சாப்பாட்டுக் கடை.

2024 மே 6
திருச்சிக்காரன் போய்வந்து எழுதியதைப் படித்தேன். கூட்டத்தில் மனைவியைத் தொலைத்துவிட்டு நாற்பது நிமிடம் தேடியிருக்கிறார், அந்தம்மா யாரோ கொடுத்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டியோடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாராம். கோட்டைக்கு அவர்கள் போகவே இல்லை. இங்கே சிலர் "இதற்கா லிஸ்பன் போனீர்கள்" என்கிறார்கள். ஆமாம், இதற்குத்தான்.

2025 செப்டம்பர் 5
இந்த இழையைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு. ஏறுவதை எந்திரத்திடம் விடுங்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். நேற்று முன்தினம், செப்டம்பர் 3 மாலை, க்ளோரியா இழுவை வண்டி கம்பி விட்டுப்போய்ச் சரிவில் கீழே பாய்ந்து வளைவில் கட்டடத்தில் மோதியது. 16 பேர் இறந்தார்கள். 1885-இலிருந்து ஓடிவந்த வண்டி. மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் ஒரே கம்பியில் ஒன்றுக்கொன்று எடை தூக்கும் ஏற்பாடு. மற்ற இழுவை வண்டிகளையும் நிறுத்திவிட்டார்கள். நான் சொன்னவை கட்டடத்துக்குள் இருக்கும் லிஃப்டும் நகரும் படிக்கட்டும்தான், க்ளோரியாவை அல்ல. ஆனாலும் அந்த வாக்கியத்தை இப்போது படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. அழிக்கவில்லை, அழித்தால் அதற்குப் பதில் எழுதியவர்களுடைய குறிப்புகள் தலைகால் புரியாமல் போய்விடும். அந்தச் சரிவில் ஏற வேண்டியவர்கள் கையில் தண்ணீரோடு, நின்று நின்று, நடந்தே ஏறுங்கள். முந்நூறு மீட்டர்கூட இல்லை.

2025 நவம்பர் 18
டிசம்பரில் போகிறவர் கேட்டது: மழை பெய்யும், அந்தக் கல் எண்ணெய் தடவிய மாதிரி ஆகும். அல்ஃபாமாவை விடுங்கள். பைஷா, தொட்டிகள், கார்மு அருங்காட்சியகம், 1732-இல் தொடங்கி இன்றும் நடக்கும் பெர்த்ரான்ட் புத்தகக் கடை, நிறைய நாதா. குடை வேண்டாம், ஆற்றுக் காற்று திருப்பிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு, ஆளுக்கு ஒன்று.